தொள்ளாயிரம் பார்

வியாழக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு மதுரை ஜங்ஷனில் தூத்துக்குடிக்கு வண்டி ஏறினோம். நாங்கள் மூன்று பேர். நான், என் அக்கா மீனாட்சி, அக்காவின் மடியில் ஒரு சிறு மண் கலயத்தில் அத்தான். மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஆளுக்கு ஒரு ரூபாய் பதிமூன்று அணா; இரண்டுதான் வாங்கினோம். அத்தான் தம் வாழ்நாளில் டிக்கெட் இல்லாமல் ஒரு ஸ்டேஷன் தூரம்கூடப் போனவரல்லர். இந்த ஒரு முறை ஓசியில் போவதை அவர் வெகுவாக ரசித்திருப்பார் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் கலயத்தின் வாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, "வண்டி கிளம்பறதுக்குள்ள வாயைத் திறந்துட்டியா" என்றாள்.

மாசி மாதம். சண்டை முடிந்து ஆறேழு மாதம் ஆகியும் ரயிலில் கூட்டம் குறைந்தபாடில்லை. விருதுநகர் வரையில் நான் ஒற்றைக் காலில்தான் நின்றேன். அக்காவுக்கு மட்டும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாத்தூரில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கினோம்; அணாவுக்கு ஆறு. கோவில்பட்டி தாண்டியதும் கரிசல் பூமி இரண்டு பக்கமும் விரிந்துகிடந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் மதுரைக்குத் தெற்கே வருவது இதுதான் முதல் தடவை.

இந்தப் பயணம் எப்படி வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொல்லுவதில் எனக்கு வெட்கம் உண்டு, ஏனென்றால் குற்றவாளி நான்.

அத்தான் போன தை மாதம் காலமானார். மறுநாள் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் அக்கா ஒரு துண்டுக் காகிதத்தைக் கண்டெடுத்தாள். முத்து முத்தான குமாஸ்தாக் கையெழுத்து. "மீனாட்சிக்கு. என் சாம்பல் முழுவதையும் ஆற்றில் கரைத்துவிட வேண்டாம். கொஞ்சம் எடுத்து வை. தொள்ளாயிரம் பார்." அவ்வளவுதான். கீழே கையொப்பம்.

நான் மதுரையில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் புரூப் பார்க்கிறவன். எழுத்தைப் படித்துப் பொருள் காண்பதுதான் என் பிழைப்பு. ஆகவே குடும்பம் முழுவதும் காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இது தொள்ளாயிரமாவது பக்கம் பார் என்று அர்த்தம் என்றேன். அந்த வீட்டில் தொள்ளாயிரம் பக்கம் உள்ள புத்தகம் ஒன்றே ஒன்றுதான்: அத்தானுடைய தடித்த ஆங்கில அகராதி. திறந்து பார்த்தோம். அந்தப் பக்கத்தில் கால்வாசியைப் ‘பிக்கிள்’ என்ற சொல் அடைத்துக்கொண்டிருந்தது. பிக்கிள் என்றால் ஊறுகாய்.

பரமக்குடியிலிருந்து வந்திருந்த அத்தானின் அண்ணாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவன் மாவடுவுக்கு உசிரை விடுவான். கடைசியில அதைத்தான் கேட்டிருக்கான்" என்றார். பதினாறாம் நாள் இலையில் மாவடு படைத்தோம். அத்தானுடைய வாக்கை நிறைவேற்றிவிட்டதாக எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். நான் இரண்டு மாவடு கூடுதலாகவே போட்டுக்கொண்டேன். எடுத்து வைத்த சாம்பலை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று கொல்லை முருங்கை மரத்தில் கலயத்தைக் கட்டித் தொங்கவிட்டோம். பரமக்குடிப் பெரியவர் புறப்படும்போது கண்டிப்பாகச் சொன்னார்: மாசி அமாவாசைக்குள் நாங்கள் ஏதாவது முடிவு செய்யவேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் அவரே வந்து கலயத்தை ராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோய்க் கரைத்துவிடுவார்.

அமாவாசை ஞாயிற்றுக்கிழமை. முந்திய செவ்வாய்க்கிழமை அச்சகத்துக்குத் தூத்துக்குடியிலிருந்து தங்கவேல் அண்ணாச்சி என்ற உப்பு வியாபாரி மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்திருந்தார். நான் கம்பாசிட்டரிடம் அகராதிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி காதில் விழுந்துவிட்டது.

"தொள்ளாயிரம் பாரா? அது எங்க ஊர்க் கடலுக்குள்ளலா கெடக்கு" என்றார். "கடலுக்கு அடியில இருக்க கல்லுத் தரையப் பாருன்னு சொல்லுவோம். முத்துச்சிப்பி வெளையுத எடம். அதுல பெரிய பாருக்குப் பேரு தொள்ளாயிரம் பாரு."

என் கையிலிருந்த புரூப் கீழே விழுந்தது. அத்தான் இருபது வருஷத்துக்கு முன்பு, கடைசியாக முத்துக் குளித்த சமயத்தில், சர்க்கார் முகாமில் சிப்பி எண்ணும் குமாஸ்தாவாக இரண்டு மாதம் தூத்துக்குடியில் இருந்தார். அதற்குப் பிறகு ராத்திரிச் சாப்பாடு முடிந்தால் ஒரே பேச்சுத்தான்: "பாரிலே அந்த மாதிரித் தண்ணியை நான் கண்டதில்லை." பார் என்றால் உலகம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். மனுஷருக்குக் கொஞ்சம் இலக்கிய வாடை என்று உள்ளுக்குள் சிரித்ததும் உண்டு. அவரோ ஒரு இடத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று மாலையே அக்காவிடம் ஓடினேன். போகும்போதே காகிதத்தை எடுத்துச் சிவப்பு மையால் ஒரு திருத்தமும் செய்தேன். "பார்" என்பதை அடித்துவிட்டு "பாரில்" என்று போட்டேன். வேற்றுமை உருபை விழுங்கிவிட்டு ஒரு குடும்பத்தையே ஊறுகாய் படைக்க வைத்துவிட்டாரே என்று கோபம்கூட வந்தது. தப்பு அவர்மேல் என்று ஆனதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மணியாச்சி ஜங்ஷனில் பகல் பன்னிரண்டு மணிக்கு வண்டி மாறினோம். அரிசி கடத்துகிறவர்களைப் பிடிக்கத் தாலுகா ஆபீஸ் ஆள் ஒருவர் பிளாட்பாரத்தில் மூட்டை முடிச்சுகளைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கலயத்தைக் கண்டதும் விரைந்து வந்தார்.

"கலயத்துல என்னம்மா?"

"வீட்டுக்காரர்" என்றாள் அக்கா.

"வீட்டுக்காரரோடதோ யாரோடதோ, எத்தன படி அரிசி? அவுருங்க."

அக்கா துணியை அவிழ்த்துக் காட்டினாள். அவர் உள்ளே பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு எங்களுக்கு முன்னால் நடந்துபோய், தூத்துக்குடி வண்டியில் இரண்டு பேரை எழுப்பிவிட்டு எங்களை உட்கார வைத்தார். அத்தான் இருந்த காலத்தில் அவர் பெயரைச் சொல்லி எனக்கு ஒரு இடத்திலும் இப்படி மரியாதை கிடைத்ததில்லை.

மணியாச்சியிலிருந்து பதினெட்டு மைல். ஊர் வருவதற்கு முன்பே காற்றில் உப்பு வந்துவிடுகிறது. உப்புப் பாத்திகளின் ஓரத்தில் வெள்ளைக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. ஒன்றரை மணிக்கு இறங்கினோம். சொல்லியிருந்தபடி அண்ணாச்சி குதிரை வண்டியோடு காத்திருந்தார். கல்யாண வேலை தலைக்குமேல் இருந்தும், எங்களைச் சத்திரத்துக்குப் போக விடவில்லை. ஆனால் மங்கல காரியம் நடக்கப்போகிற வீட்டில் கலயத்தை எங்கே வைப்பது? நான் கேட்கத் தயங்கினேன். அண்ணாச்சி அதையும் யோசித்து வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் அவருடைய உப்புக் கிட்டங்கி. கோட்டைமாதிரி பெரிய சரக்கு அறை. அதன் உத்தரத்தில் கலயத்தைக் கட்டினோம். "உப்பு தீட்டுப் பாக்காது" என்றார் அண்ணாச்சி. அக்கா தனக்கும் கிட்டங்கி ஓரத்து அறையே போதும் என்று அங்கே பாயை விரித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடற்கரைக்குப் போனோம். தூத்துக்குடியில் கப்பலைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டுப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கரையில் கப்பல் வராது. தண்ணீர் ஆழம் போதாது. ஐந்தாறு மைல் வெளியே பொட்டுப்போலத் தெரிகிறதே, அதுதான் கப்பல். சரக்கையும் ஆட்களையும் தோணியில்தான் கொண்டுபோகிறார்கள். கரையோரமெல்லாம் தோணிகளும் பஞ்சுப் பொதிகளும் கருவாடும். அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாலும் கண்ணை அகல விரித்துத்தான் வைத்திருந்தாள்.

அண்ணாச்சி எங்களைச் சூசை பர்னாந்து என்பவரிடம் கூட்டிப்போனார். அறுபது வயது இருக்கும். கடலில் இன்ன இடத்தில் இன்ன பார் என்று கண்டு சொல்லுவது அவர் குடும்பத்துக்குக் கைவந்த வேலை. முத்துக் குளிப்பு நின்று இருபது வருஷம் ஆகப்போகிறது. பாரில் சிப்பி விளையவில்லையாம். இப்போது சங்கு குளிக்கும் வள்ளம் ஒன்று வைத்திருக்கிறார். வள்ளம் என்றால் பாய்மரம் வைத்த படகு. வலை பின்னிக்கொண்டே எங்கள் கதை முழுவதையும் கேட்டார். ஊறுகாய் கட்டத்தில் வலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அத்தானை ஞாபகம் இருக்கிறதா என்று அக்கா கேட்டாள். முகாமில் நூறு குமாஸ்தா இருந்தார்கள், எனக்கு ஞாபகம் இல்லை என்று நேராகச் சொன்னார். பொய் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது.

சாம்பல் கொண்டுபோவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. "வார புதங்கெழம தவசு காலம் தொடங்குதுலா, எங்க நெத்தியிலயும் மாதா கோயில்ல சாம்பல்தான் பூசுவாவ. சாம்பலுக்கு நாங்க பயந்தவுங்க இல்ல" என்றார். நானும் வருகிறேன் என்று அக்கா சொன்னதும்தான் முகம் மாறியது.

"அது மட்டும் ஏலாதும்மா. குளிக்கப் போற வள்ளத்துல பொம்பள கால் வைக்கப்படாது. எம் பொஞ்சாதியே ஏறுனது கெடையாது."

அக்கா வாக்குவாதம் செய்யவில்லை. வாக்குவாதம் செய்யாத அக்காவை நான் அன்றுதான் பார்த்தேன். திரும்பும் வழியில் மணலில் நின்றுவிட்டாள். "ஒவ்வொரு வருஷமும் கூட்டிட்டுப் போறேன்னுதான் சொன்னார்டா. நான்தான், அப்பளம் இடணும், வத்தல் போடணும், ஆடி வருது, தை வருதுன்னு தட்டிக் கழிச்சேன். அவர் கலயத்துல போவார், நான் கரையில நிக்கணுமா?" என்றாள். அவள் அழுதாள். இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. ஞாயிறு தாண்டினால் பரமக்குடிப் பெரியவர் கலயத்தை எடுத்துக்கொள்ளுவார்; அவரிடம் கொடுத்த வாக்கை மீறும் தைரியம் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

சனிக்கிழமை நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் போனோம். நான் அண்ணாச்சியோடு வேறு படகு தேடினேன். சரக்குத் தோணிக்காரர் இரண்டு பேரைக் கண்டோம். அக்காவை ஏற்றிக்கொள்ள அவர்கள் தயார். ஆனால் தொள்ளாயிரம் பார் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. கடலில் எங்கே போட்டால் என்ன, எல்லாம் ஒரே தண்ணீர்தானே என்றார் ஒருவர். நியாயமான பேச்சுத்தான். இருந்தாலும் ஒரு தடவை ஊறுகாய் படைத்து ஏமாந்த குடும்பம் நாங்கள்; இரண்டாம் தடவையும் உத்தேசமாகச் செய்ய மனம் வரவில்லை.

சோர்ந்துபோன என்னை அண்ணாச்சி ஒரு ரொட்டிக் கடைக்குள் தள்ளிக்கொண்டுபோய் மக்ரூன் என்ற பண்டத்தை வாங்கிக் கொடுத்தார். முந்திரிப் பருப்பும் சர்க்கரையும் சேர்த்துச் சின்னக் கோபுரமாக நிறுத்திச் சுட்டிருந்தார்கள். வாயில் போட்டால் நொறுங்கிக் கரைகிறது. சர்க்கரைக்கு ரேஷன் இருக்கிற காலத்தில் இப்படி ஒன்றா என்று நான்கு தின்றேன். ஐந்தாவதை எடுக்கும்போதுதான் அண்ணாச்சி, அதில் முட்டை வெள்ளைக் கரு சேர்க்கிற விஷயத்தைச் சொன்னார். பரம்பரைச் சைவன் நான். ஐந்தாவதைக் கீழே வைக்கலாமா என்று யோசித்தேன். நான்கு போன வழியில் ஐந்தும் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

மாலை நான்கு மணிக்குக் கிட்டங்கிக்குத் திரும்பினால் அக்கா இல்லை. அவள் சூசை பர்னாந்தின் வீட்டில் இருந்தாள். காலையிலேயே விசாரித்துக்கொண்டு போய்விட்டாளாம். அவருடைய மனைவி செசிலியம்மாளோடு அடுப்படியில் உட்கார்ந்து, மாவடு எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பகல் முழுவதும் என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சூசை கடலிலிருந்து வந்து உட்கார்ந்ததும் செசிலியம்மாள் கேட்டாள்:

"நாளைக்கு ஞாயிறுலா? நாளைக்கு நம்ம வள்ளம் வேலைக்கா போவுது?"

"ஞாயித்துக்கெழம எவம் வேலைக்குப் போவாம்?"

"அப்பம் அது குளிக்கப் போற வள்ளமில்ல. சும்மா பலகதான. பலகயில பொம்பள உக்காந்தா என்ன?"

சூசை தாடையைத் தடவினார். வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். திரும்பி வந்து, விடிந்ததும் முதல் பூசை முடிந்தவுடன் புறப்படலாம் என்றார். ஒரே நிபந்தனை: கூலி வாங்கமாட்டார். கூலி வாங்கினால் வேலை ஆகிவிடும். வேலை ஆகிவிட்டால் அது மறுபடியும் குளிக்கப் போகிற வள்ளம் ஆகிவிடும். எனக்கு இந்தத் தர்க்கம் மிகவும் பிடித்துப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. வள்ளத்தில் சூசை, பாய் கட்ட இரண்டு பேர், சூசையின் தங்கை மகன் மிக்கேல் என்ற சங்கு குளிக்கும் வாலிபன், நான், கலயத்தோடு அக்கா. அண்ணாச்சி கல்யாண வேலை இருப்பதாகச் சொல்லிக் கரையிலேயே நின்றுவிட்டார். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிற அண்ணாச்சி ஒரு தடவைகூடப் படகில் ஏறினதில்லை என்று மிக்கேல் என் காதில் சொன்னான்.

ஏறும்போது அக்கா ஒரு கணம் தயங்கினாள். பிறகு வலது காலை எடுத்து வைத்தாள், புது வீட்டுக்குள் வைப்பதுபோல.

கரைக் காற்றில் வள்ளம் நன்றாகவே போயிற்று. முயல் தீவு பின்னால் போனதும் அலை கொஞ்சம் பெரிதானது. நேற்றைய மக்ரூன் ஐந்தும் என்னைவிட்டுப் பிரிந்தன. அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் முதுகைத் தடவிக்கொண்டே கடலைப் பார்த்தாள்.

ஒன்பது மணிக்குச் சூசை எழுந்து நின்றார். கரையில் மாதா கோயில் கோபுரம் குச்சிபோலத் தெரிந்தது. அதற்கு நேராகத் தீவின் விளக்குத் தூண் எப்போது வரும், வடக்கே ஒரு பனங்கூட்டம் எதற்கு நேரே நிற்கும் என்று இரண்டு கண்ணையும் இடுக்கிப் பார்த்தார். இப்படிக் கரை அடையாளங்களை ஒன்றோடு ஒன்று கோத்துப் பார்ப்பதைக் கணியம் என்கிறார்கள். கணியம் கூடியதும் பாயை இறக்கச் சொன்னார். அடியில் மெழுகு தடவிய ஈயக்குண்டைக் கயிற்றில் விட்டு எடுத்தார். மெழுகில் மணல் ஒட்டிவந்தது. "இது இல்ல" என்றார். இன்னும் கால் மைல் கிழக்கே போனோம். இந்தத் தடவை மெழுகில் ஒன்றும் ஒட்டவில்லை. கல் பட்ட தழும்பு மட்டும் இருந்தது.

"எட்டுப் பாகம் தண்ணி. அடியில கல்லு. தாயி, ஒங்க வீட்டுக்காரரு சொன்ன எடம் இதுதான்" என்றார் சூசை. இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு நீளமோ அது ஒரு பாகம்.

மிக்கேல் சட்டையைக் கழற்றி, "நாங் குளிச்சிட்டு வாரேன்" என்றான். காரியம் முடிந்த பிறகுதானே குளிக்கவேண்டும், இப்போதே எதற்கு என்று அக்கா அவனைத் தடுத்தாள். இந்தக் கடற்கரையில் முங்கி அடிக்குப் போவதற்குத்தான் குளிப்பது என்று பெயர். வள்ளத்தில் எல்லாரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். அத்தான் போனதற்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

கலயத்தின் துணியை அவிழ்த்து, தான் கொண்டுவந்திருந்த துளசியும் பூவும் போட்டாள். பிறகு இடுப்பிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே ஒரே ஒரு மாவடு. "தொள்ளாயிரமாம் பக்கத்தையும் விடுவானேன்" என்று சொல்லி அதையும் கலயத்துக்குள் போட்டு மூடினாள்.

சூசை கலயத்தை ஒரு வலைப்பையில் வைத்து நீளக் கயிற்றில் கட்டினார். கயிற்றின் மறு நுனியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க அவருக்கு என்ன மொற?"

"அவர் பெண்டாட்டியின் தம்பி" என்றேன்.

"அப்பம் நீங்கதான் புடிக்கணும். முத்துக் குளிக்கயில மேல கயித்தப் புடிக்கவன் மச்சானாத்தான் இருக்கணும். அக்கா தாலி தங் கையில இருக்குன்னா, அவன் கையத் தளர விடமாட்டாம்லா."

சொல்லி முடித்த பிறகுதான் யார் முன்னால் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. தலை குனிந்துகொண்டார். நானும் அக்காவின் பக்கம் திரும்பவில்லை. அவள்தான் பேசினாள்.

"கொடுங்க அவன்கிட்ட. ஆஸ்பத்திரியில பதினோரு நாள் அவன்தான் பிடிச்சுக்கிட்டிருந்தான்."

நான் கயிற்றைப் பிடித்தேன். மிக்கேல் ஒரு கையில் கலயத்தையும், தன்னை இறக்கும் கல் கட்டிய கயிற்றை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு இழுத்தான், போய்விட்டான். கயிறு என் உள்ளங்கை வழியே சரசரவென்று ஓடியது. ஒரு பாகம், இரண்டு பாகம் என்று சூசை எண்ணிக்கொண்டு வந்தார். எட்டில் நின்றது. அப்போது அந்தப் பாரம் கையில் நன்றாகத் தெரிந்தது. கலயம் ஒரு வீசை எடைகூட இருக்காது, எனக்கோ தோள்வரை வலித்தது. எனக்கு அழுகை வந்தது, அடக்காமல் அழுதேன். முப்பத்தாறு வருஷம் எனக்கு அத்தானாக இருந்தவர். அவர் பேசியதை நான் சரியாகக் கேட்டதே இல்லை.

கயிற்றை யாரோ இரண்டு தடவை இழுத்தார்கள். வலைப்பையிலிருந்து கலயத்தை எடுத்தாயிற்று என்று அடையாளம். நான் இழுத்தேன். கயிறு லேசாக வந்தது. பக்கத்திலேயே மிக்கேலின் தலை மேலே வந்தது.

"ரெண்டு கல்லுக்கு நடுவுல வச்சிருக்கேன்மா. ஆடாது" என்றான்.

அக்கா வள்ளத்தின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள். முகம் தண்ணீரைத் தொட்டுவிடுமோ என்று பயந்து நான் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். நானும் எட்டிப் பார்த்தேன். எனக்குப் பச்சையும் நீலமுமாக ஏதோ அசைந்தது, அவ்வளவுதான். அவளுக்கு என்ன தெரிந்ததோ, நிமிரவே இல்லை. வெயில் ஏறியது. பாயை ஏற்றலாமா என்று ஒருவன் கேட்டான். சூசை கையைக் காட்டி அவனை உட்கார வைத்தார். அவளாக நிமிர்ந்த பிறகுதான் வள்ளம் திரும்பியது.

மாலையில் தந்தி ஆபீசுக்குப் போய்ப் பரமக்குடிக்கு ஒரு தந்தி கொடுத்தேன்: தம்பி சுகமாகச் சேர்ந்தார். இரண்டாம் தடவை படித்துவிட்டுக் குமாஸ்தா என்னை நிமிர்ந்து பார்த்தார். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டி. செசிலியம்மாள் ஸ்டேஷனுக்கு வந்து அக்காவிடம் ஒரு டப்பா மக்ரூன் கொடுத்தாள்; முட்டை போட்டதா என்று அக்கா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உப்புப் பாத்திகள் பின்னால் போயின. மதுரையில் வைகையை நான் தினம் இரண்டு வேளை தாண்டுகிறேன்; முக்கால்வாசி நாள் அதில் மணலைத்தான் பார்க்கிறேன். எட்டுப் பாகம் தண்ணீர் என்றால் என்ன என்பது கையால் அளந்த பிறகுதான் புரிகிறது என்று அக்காவிடம் சொன்னேன். அவள் அந்தக் காகிதத்தைக் கேட்டாள். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"இதென்ன சிவப்பு மை?" என்றாள்.

"அத்தான் உருபை விட்டுட்டார். பாரில்னு இருக்கணும். அதான் திருத்தினேன்."

அக்கா அதை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாள். மணியாச்சி வந்துகொண்டிருந்தது.

"சாம்பலைப் பாரில் போடுன்னு எங்கடா எழுதியிருக்கார்? கொஞ்சம் எடுத்து வைன்னு எழுதியிருக்கார். சும்மா கூப்பிட்டா நான் கிளம்பமாட்டேன்னு அவருக்குத் தெரியும். அந்தச் சாம்பல் ஒரு சாக்குடா. எனக்குத்தான் எழுதியிருக்கார். தொள்ளாயிரத்தைப் பார்னு."

காகிதத்தை வாங்கிக்கொண்டேன். எங்கள் தொழிலில், தவறுதலாகக் கோடு போட்டு அடித்துவிட்ட சொல்லை மறுபடி அப்படியே விடவேண்டுமானால் அதன் அடியில் புள்ளிகள் வைத்து ஓரத்தில் ஒரு சொல் எழுதுவோம். ஓடுகிற வண்டியிலேயே "பார்" என்பதன் கீழே ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து, "பாரில்" என்பதை அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதினேன்: இருக்கட்டும்.